‘ஓகே’ சொன்னால் சம்மதமா, சமாளிப்பா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆங்கிலச் சொற்களைப் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் கணிசமானவை ‘ஓகே’ என்ற ஒரே சொல்லைக் குறித்தவை. ஆகவே மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கங்களை முழுவதும் அதற்கே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: ‘ஓகே’ எதன் சுருக்கம்? போரில் ஒருவரும் சாகாத நாளில் ‘ஜீரோ கில்டு’ என்பதைக் குறிக்கப் பலகையில் ஒரு பூஜ்யமும் ‘கே’ எழுத்தும் எழுதி வைப்பார்களாம். அதுவே ஓகே ஆயிற்றாம். வாட்ஸ்அப்பில் வந்த இந்தச் செய்தியை என் மகள் பள்ளியில் சொல்லப் போக, ஆசிரியரும் அதை ஆமோதித்திருக்கிறார். உண்மைதானா? – வாசகி, காரைக்குடி

பதில்: உண்மையல்ல. அந்தக் கதையைப் பெரும்பாலும் 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரோடு சேர்த்தே சொல்கிறார்கள். ஆனால் அந்தப் போர் மூளுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இச்சொல் அச்சேறிவிட்டது. சொல்லின் பிறப்பைப் பற்றி யார் என்ன கதை சொன்னாலும், கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டையும் அந்தச் சொல் முதன்முதலில் எழுத்தில் கிடைக்கும் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கதைகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

நமக்குக் கிடைக்கும் பழைய சான்று 1839 மார்ச் 23ஆம் தேதியிட்ட ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் இருக்கிறது. அதன் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன், பக்கத்து ஊரான பிராவிடன்ஸின் பத்திரிகை ஆசிரியரைச் சீண்டி எழுதிய ஒரு வேடிக்கைக் குறிப்பின் நடுவே ‘ஓ.கே.’ என்று போட்டு, அதையடுத்து ‘ஆல் கரெக்ட்’ என்று பொருளையும் தந்திருந்தார். ஆல் கரெக்ட் என்பதன் முதலெழுத்துகள் ‘ஏ’, ‘சி’ அல்லவா, ‘ஓ’, ‘கே’ எப்படி வந்தன என்று கேட்கத் தோன்றும். அந்தக் காலத்து பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. சொற்களை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதுவார்கள். பிறகு அந்தப் பிழையான வடிவத்தையே முதலெழுத்துகளால் சுருக்குவார்கள். ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ என்று எழுதினால் சுருக்கம் ஓ.கே. ஆகிவிடும். ‘ஆல் ரைட்’ என்பதை இதே முறையில் ‘ஓல் ரைட்’ ஆக்கி, ரைட் என்பதன் முன்னால் ஒரு ‘டபிள்யூ’வையும் ஒட்டி ‘ஓ.டபிள்யூ.’ என்று சுருக்கினார்கள். ‘நோ கோ’ என்பதில் ‘நோ’வின் முன்னால் ஒரு ‘கே’யை ஒட்டி எழுத, அது ‘கே.ஜி.’ ஆனது. இன்றைய பிள்ளைகள் அரட்டையில் மூன்றெழுத்துச் சுருக்கங்களை அனுப்பிச் சிரிப்பதைப் போன்ற சங்கதிதான், அதைச் செய்தவர்கள் மட்டும் கோட்டு போட்ட பத்திரிகை ஆசிரியர்கள்.

எழுத்தே சரியாக இல்லாத ஒன்றுக்கு ‘எல்லாம் சரி’ என்று பொருள் சொல்வதில்தான் அந்த நகைச்சுவை இருந்தது. அந்த அலையில் பிறந்த மற்றச் சுருக்கங்கள் சில ஆண்டுகளில் மறைந்துபோயின.

இதைத் தோண்டி எடுத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். பழைய நாளிதழ்களைப் புரட்டிப் புரட்டிச் சான்று சேர்த்து, 1963-64இல் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ என்ற ஆய்விதழில் தொடர் கட்டுரைகளாக அவர் எழுதியதே இன்று அகராதிக்காரர்கள் ஏற்கும் விளக்கம். உங்கள் மகள் அடுத்த முறை பள்ளியில் 1839 என்ற ஆண்டைச் சொல்லட்டும். ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: ஒரு பத்திரிகை நையாண்டி எப்படி இத்தனை காலம் நிலைத்தது? அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒருவரின் பெயரோடு இதற்குத் தொடர்பு உண்டு என்றும், செவ்விந்தியர் மொழியிலிருந்து வந்தது என்றும் படித்திருக்கிறேன். – வாசகர், தஞ்சாவூர்

பதில்: குடியரசுத் தலைவர் தொடர்பு மெய், ஆனால் அவர் சொல்லைப் பெற்றவர் அல்லர், வளர்த்தவர். 1840ஆம் ஆண்டுத் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரன் இரண்டாம் முறையாக நின்றார். நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக் என்ற சிற்றூர்க்காரர் என்பதால் அவருக்கு ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்று ஒரு பட்டப்பெயர் சூட்டப்பட்டது. அதன் முதலெழுத்துகளும் ஓ.கே.! ஆதரவாளர்கள் ‘ஓ.கே. கிளப்’ தொடங்கி ஊர்வலம் போனார்கள். ‘நம் ஆள் ஓ.கே.’ என்ற இரட்டை அர்த்தம் கூட்டத்துக்கு நன்றாகப் பிடித்தது. எதிர்க்கட்சியினர் சும்மா இருப்பார்களா? அதே இரண்டு எழுத்துகளுக்கு ‘பயங்கரமான பேரழிவு’ என்றெல்லாம் பொருள்படும் தவறான விரிவுகளைக் கட்டித் திருப்பி அடித்தார்கள். வான் பியூரன் வில்லியம் ஹென்றி ஹாரிசனிடம் தோற்றார். ஆனால் இரு தரப்பும் நாடு முழுவதும் முழங்கியதில், பாஸ்டன் ஊர் நையாண்டி அமெரிக்காவின் பொதுச் சொல்லாகிவிட்டது.

அதே தேர்தல் வேளையில் இன்னொரு கதையும் கிளப்பிவிடப்பட்டது. வான் பியூரனுக்கு முன்பு பதவியிலிருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்றும், ஒப்புதல் தரும் கோப்புகளில் ‘ஆல் கரெக்ட்’ என்பதைப் பிழையாக எழுதி ‘ஓ.கே.’ போட்டார் என்றும் எதிர்க்கட்சிப் பத்திரிகை பரப்பியது. அரசியல் வம்பு அது. இன்றும் அதை வரலாறாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

செவ்விந்தியர் என்று நீங்கள் குறிப்பிடுவது சாக்டா மக்களை. அவர்கள் மொழியில் ‘அது அப்படித்தான்’ என்ற பொருளில் ‘ஓகே’ போல ஒலிக்கும் ஒரு சொல் உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த உட்ரோ வில்சன் இதை நம்பினார். 1913 முதல் 1921 வரை பதவியிலிருந்த காலத்தில் கோப்புகளில் சாக்டா முறைப்படியான எழுத்துக்கூட்டலிலேயே அவர் ஒப்புதல் எழுதினார். மேற்கு ஆப்பிரிக்க மொழிகள், கிரேக்கம், ஸ்காட்லாந்துப் பேச்சு என்று மற்ற உரிமை கோரல்களும் உண்டு. ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது; இடைப்பட்ட காலத்து எழுத்துச் சான்று வேண்டும். அது பாஸ்டனுக்கு மட்டுமே இருக்கிறது.

தேர்தல் முடிந்த பிறகும் சொல் பிழைத்திருந்ததற்குத் தந்தியும் ஒரு காரணம். ‘செய்தி கிடைத்தது, பிழையில்லை’ என்று திருப்பிச் சொல்ல இரண்டு எழுத்தை விடக் கச்சிதமான வழி தந்தி ஊழியர்களுக்கு வேறென்ன இருக்க முடியும்!

கேள்வி: நான் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர் வந்தபோது, ‘காபி சாப்பிடுகிறீர்களா’ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ‘ஐ ஆம் ஓகே’ என்றார். காபி வரவழைத்தேன், அவர் தொடவே இல்லை. நான் எங்கே தவறாகப் புரிந்துகொண்டேன்? – வாசகர், திருப்பூர்

பதில்: அவர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். தமிழ்ப் பேச்சில் ஒருவர் எதையாவது தருவதாகச் சொல்லும்போது ‘ஓகே’ என்றால் ‘கொடுங்கள்’ என்று பொருள். ஆங்கிலத்திலும் வெறும் ‘ஓகே’ என்றால் அதுவே. ஆனால் ‘ஐ ஆம்’ என்று தன்னை எழுவாயாக வைத்துவிட்டால் பொருள் தலைகீழாகும். ‘நான் இப்படியே நன்றாக இருக்கிறேன், எனக்கு எதுவும் தேவையில்லை’ என்பது அதன் கருத்து. ‘ஐ ஆம் குட்’, ‘ஐ ஆம் ஃபைன்’ என்பவையும் இந்த வகை நாசூக்கான மறுப்புகளே. பின்னால் ஒரு ‘தேங்க்ஸ்’ ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். காபி வேண்டும் என்றிருந்தால் ‘யெஸ், ப்ளீஸ்’ என்றிருப்பார்.

‘இட்ஸ் ஓகே’ இன்னும் வழுக்கலானது. ஒருவர் மன்னிப்புக் கேட்கும்போது சொன்னால் ‘பரவாயில்லை’. ஒரு பொருளைக் கொடுக்கும்போது சொன்னால் ‘இருக்கட்டும், வேண்டாம்’. ஒரு பொருளைப் பற்றிக் கருத்துக் கேட்கும்போது சொன்னால் ‘சுமார்தான்’. மூன்றுக்கும் நம் ‘பரவாயில்லை’ பொருந்திவருவது ஆச்சரியம்தான்: காலை மிதித்துவிட்டவருக்கும் பரவாயில்லை, ‘இன்னும் இரண்டு இட்லி’ என்பவருக்கும் பரவாயில்லை, ‘புது வீடு எப்படி’ என்பவருக்கும் பரவாயில்லை. ஆகவே உங்கள் பையர் ‘இட்ஸ் ஓகே’ என்றால் அதைப் பரவாயில்லை என்று மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். அநேகமாகச் சரியான இடத்துக்கு வந்து சேர்வீர்கள்.

உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு எச்சரிக்கையையும் சேர்க்கிறோம். சாம்பிளைப் பார்த்துவிட்டு அவர் வாய்மொழியாக ‘ஓகே’ என்றால் அது ‘பார்த்துவிட்டேன்’ என்பதாக இருக்கலாம், ‘குறையொன்றும் தெரியவில்லை’ என்பதாக இருக்கலாம், ‘பல்க் போடுங்கள்’, அதாவது மொத்த உற்பத்தியைத் தொடங்குங்கள், என்பதாகவும் இருக்கலாம். முதல் இரண்டையும் மூன்றாவதாக எடுத்துக்கொண்டு துணியை வெட்டிவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. ‘அப்ரூவ்டு’ என்ற சொல் மின்னஞ்சலில் வரும்வரை பொறுப்பது நல்லது.

கேள்வி: படம் எப்படி என்று கேட்டால் என் நண்பர்கள் ‘ஓகே’ என்கிறார்கள். அப்படியென்றால் பார்க்கலாமா, வேண்டாமா? – வாசகர், மதுரை

பதில்: டிக்கெட் இலவசமாகக் கிடைத்தால் பார்க்கலாம் என்று பொருள்.

விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னால், இந்தச் சொல்லின் இயல்பு முழுவதும் உங்கள் கேள்வியில்தான் இருக்கிறது. ‘ஓகே’ ஒன்றை ஏற்கிறது, ஆனால் மதிப்பிடுவதில்லை. ‘தேவையான அளவைத் தொட்டிருக்கிறது’ என்பதோடு அது நின்றுகொள்கிறது. தேர்ச்சி மதிப்பெண் மட்டுமே கேட்கப்படும் இடத்தில் அது முழு வெற்றி. எவ்வளவு மதிப்பெண் என்று கேட்கப்படும் இடத்தில் அது ஏமாற்றம். சினிமாவிலேயே இதற்கு இரண்டு பக்கமும் உண்டு. படப்பிடிப்பில் நடிகர் எட்டாவது முறையாக அழுது முடித்ததும் இயக்குநர் ‘ஷாட் ஓகே’ என்றால் தளமே மூச்சு விடும். உதவி இயக்குநர் அந்த டேக்கை ஓகே என்று குறித்துக்கொள்வார், முந்தைய ஏழும் ‘என்.ஜி.’ (‘நோ குட்’, உதவாது) என்று கழியும். அங்கே கேள்வி ‘வைத்துக்கொள்ளலாமா, கூடாதா’ என்பது. அதே காட்சி திரைக்கு வந்த பிறகு ரசிகர் ‘ஓகே’ என்றால் தயாரிப்பாளருக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் இப்போது கேள்வி ‘எவ்வளவு நன்றாக இருக்கிறது’ என்பது.

எனவே கேள்வியைக் கவனியுங்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு ‘ஓகே’ என்றால் ஆங்கிலத்தில் அது ‘முழு நலம்’ ஆகாது. ‘ஏதோ இருக்கிறேன்’ என்ற தொனி அதில் உண்டு. விழுந்து எழுந்தவரிடம் ‘ஆர் யூ ஓகே?’ என்று கேட்டு அவர் ‘ஓகே’ என்றால், அடி படவில்லை என்று நிம்மதி அடையலாம். நண்பர்களிடம் இனி ‘பார்க்கலாமா’ என்று கேளுங்கள், ‘எப்படி’ என்று கேட்காதீர்கள்.

கேள்வி: நம்மிடம் ‘சரி’ இருக்கும்போது ‘ஓகே’ எதற்கு? இரண்டுக்கும் வேறுபாடு உண்டா? – வாசகி, புதுச்சேரி

பதில்: உண்டு, ‘சரி’தான் பெரிய சொல். கணக்கின் விடை சரி, கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது, சொத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள், பழுதான மோட்டாரைச் சரிசெய்தார்கள் என்ற இடங்களில் ‘ஓகே’யை வைத்துப் பாருங்கள். சிலவற்றில் அறவே ஒட்டாது. ‘விடை ஓகே’ என்று ஆசிரியர் சொன்னால் மாணவனுக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். ‘எல்லாம் சரி’ என்ற தொடரின் சுருக்கமாகப் பிறந்த ‘ஓகே’ அந்தச் ‘சரி’யின் நேர்த்தியை வழியில் எங்கோ விட்டுவிட்டு, ஒப்புதலை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஒப்புதல் என்ற எல்லைக்குள் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன. பேச்சை முடித்துக் கிளம்ப ‘சரி, வரட்டுமா’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஓகே’ சொல்லி எழுந்துகொள்வார்கள். வகுப்பைத் தொடங்க ‘சரி, புத்தகத்தைத் திறங்கள்’, அங்கேயும் ‘ஓகே’. இரட்டித்தால் இரண்டிலும் பொறுமை குறையும்: ‘சரி சரி, விடு’, ‘ஓகே ஓகே, புரியுது’. நீட்டினால் இரண்டிலும் சந்தேகம் தொனிக்கும்.

தமிழில் ‘ஓகே’க்குத் தனி வாழ்வு கொடுத்தவை ‘பண்ணு’, ‘ஆகு’ என்ற இரு வினைகள். ‘பொண்ணு வீட்டுல ஓகே பண்ணிட்டாங்க’, ‘லோன் ஓகே ஆயிடுச்சு’ என்று அன்றாடம் கேட்கிறோம். முதலாவதுக்கு ஆங்கிலத்தில் நேர் வழக்கு உண்டு. அங்கே ‘ஓகே’ தானே வினையாகவும் நிற்கும், வங்கி கடனை ‘ஓகே’ செய்தது என்ற பொருளில் ‘தி பேங்க் ஓகேடு தி லோன்’ எனலாம். இரண்டாவதை அப்படியே ஆங்கிலமாக்கி ‘லோன் பிகேம் ஓகே’ என்று நேர்காணலில் சொல்லிவிடாதீர்கள்; ‘தி லோன் வாஸ் அப்ரூவ்டு’ என்பதே வழக்கு.

பெரியவர்களிடம் எதைச் சொல்வது என்பது உங்கள் கடிதத்தின் பின்குறிப்பு. மாமனார் ஒரு வேலையைச் சொல்லும்போது ‘சரிங்க மாமா’ என்பதில் மரியாதை தானாக ஏறிக்கொள்ள ஒரு ‘ங்க’ இருக்கிறது. ‘ஓகே’யோடு அதை ஒட்டி ‘ஓகேங்க’ என்று இளைஞர்கள் சொல்லவும் தொடங்கிவிட்டார்கள். குற்றமில்லை. என்றாலும் ‘ஆகட்டும்’, ‘நல்லதுங்க’ போன்றவை கைவசம் இருக்கும் மொழியில் எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லை நீட்டுவது சோம்பல் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாக எழுதுவது சரியா, நான்கு எழுத்தாகவா? தமிழில் ‘ஓகே’யா, ‘ஓக்கே’யா? – வாசகர், சேலம்

பதில்: ஆங்கிலத்தில் இரண்டும் சரி. இரண்டு பெரிய எழுத்துகளாகப் புள்ளியின்றி எழுதுவது, புள்ளி வைத்து எழுதுவது, நான்கெழுத்தாக விரித்து எழுதுவது என மூன்று வடிவங்களும் அகராதிகளில் உள்ளன. ஒரே கட்டுரையில் கலக்காமல் ஒன்றைப் பின்பற்றினால் போதும்.

தமிழில் சிக்கல் சற்றுச் சுவையானது. உயிரெழுத்துக்குப் பின் தனித்து வரும் ககரத்தை நாம் வல்லொலியாக உச்சரிப்பதில்லை. ‘பகல்’, ‘அகம்’ என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். அந்த முறைப்படி ‘ஓகே’ என்பதை மெல்லொலியாகத்தான் வாசிக்க வேண்டும். நாம் வாயால் சொல்வதோ அழுத்தமான ‘ஓக்கே’. ஒலிக்கு நெருங்கிய எழுத்து ‘ஓக்கே’தான். புள்ளி வைத்த ‘ஓ.கே.’ வடிவத்தில் ககரம் சொல்முதலாக நிற்பதால் இந்தச் சிக்கல் எழாது. ஆனாலும் வழக்கில் வென்றுவிட்டது ‘ஓகே’. இந்த இதழிலும் அதையே கையாள்கிறோம்.

கேள்வி: மேலதிகாரியின் மின்னஞ்சலுக்கு ‘ஓகே’ என்று மட்டும் பதில் எழுதினால் மரியாதைக் குறைவா? வாட்ஸ்அப்பில் என் மகள் ‘கே’ என்று ஒற்றை எழுத்தை அனுப்புகிறாளே, அது என்ன? – வாசகர், சென்னை

பதில்: ‘ஓகே’ அனுமதி தருபவரின் வாயில் இயல்பாக இருக்கும், அனுமதி பெறுபவர் சொன்னால் அவர் மேலிடத்திலிருந்து சம்மதம் தருவது போன்ற சாயல் விழலாம். மேலதிகாரி ஒரு வேலையைச் சொல்லியிருந்தால் ‘ஷ்யூர், ஐ வில் சென்ட் இட் பை ஈவினிங்’ என்பது போல எப்போது முடிப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவருக்குத் தேவைப்படுவதும் அந்தத் தகவல்தான். அலுவலகக் கடிதங்களிலும் விண்ணப்பங்களிலும் ‘ஓகே’யைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒற்றை ‘கே’ என்பது ‘ஓகே’யின் சுருக்கத்துக்கும் சுருக்கம். கைவேலையாக இருக்கிறாள், அல்லது உங்கள் மேல் கோபமாக இருக்கிறாள். எது என்பதை அதற்கு முந்தைய செய்தியைப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கணினியில் பிழை காட்டும் பெட்டியிலும் ‘ஓகே’ பொத்தான் இருக்கிறதே, பிழைக்கு எதற்குச் சம்மதம்? – வாசகி, திருச்சி

பதில்: நியாயமான எரிச்சல். அந்தப் பொத்தானுக்கு ஒரு பழங்கதை உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘லிசா’ கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பொத்தானில் ‘டூ இட்’ என்று எழுதியிருந்தார்களாம். சோதனைக்கு உட்கார்ந்தவர்களில் சிலர் அதைச் சேர்த்துப் படித்து, நடுவிலிருந்த பெரிய ‘ஐ’யைச் சிறிய ‘எல்’ என்று நினைத்து, ‘மடையன்’ என்று பொருள்படும் ‘டோல்ட்’ என்ற சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். ‘இந்தக் கணினி ஏன் என்னைத் திட்டுகிறது’ என்று ஒருவர் கேட்ட பிறகு அது ‘ஓகே’ ஆக்கப்பட்டது என்று ஆப்பிளின் மெக்கின்டோஷ் கணினிக் குழுவில் வேலை செய்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு எழுதியிருக்கிறார்.

தமிழ் இடைமுகங்களில் அந்த இடத்தில் ‘சரி’ வருகிறது. ‘கோப்பு திறக்கவில்லை’ என்று அறிவித்துவிட்டு ‘சரி’ என்று சொல்லச் சொல்வது ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதலாக உறுத்துகிறது. பிழைப் பெட்டிகளில் மட்டுமாவது ‘மூடு’ என்றோ ‘படித்துவிட்டேன்’ என்றோ போட்டால் குறைந்துவிடாது.

கேள்வி: கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்து ‘ஓகே’ காட்டுவது எல்லா நாட்டிலும் செல்லுமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: செல்லாது. ஜப்பானில் அந்த வளையம் நாணயத்தைச் சுட்டி, பணம் என்று பொருள்படலாம். பிரான்சில் ‘பூஜ்யம், ஒன்றுக்கும் உதவாது’ என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பிரேசிலில் அது ஆபாசமான சைகை. ஆனால் ஆழ்கடலில் மூழ்குபவர்களிடையே உலகெங்கும் அதுவே முறையான ‘நான் நலம்’ சைகை. அங்கே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் ‘மேலே போகலாம்’ என்று பொருளாகி, கூட வந்தவர் உங்களையும் அழைத்துக்கொண்டு கரையேறிவிடுவார்.